கீழே விட்ட ஓர் அங்குலம்

கனத்த தாளைக் கத்தரிக்கோல் வெட்டும் சத்தம் துணி வெட்டும் சத்தம் போல இருக்காது. துணி வழிவிடும். தாள் பல்லைக் கடிக்கும்.

போன வாரம் கண்ணாடிச் சட்டம் போடும் கடை ஒன்றில் நின்றிருந்தேன். மகளின் பள்ளிக்கூடக் குழுப்படம். மூன்று வரிசைப் பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே மூன்று வரிசைப் பெயர்கள். கடைக்காரர் படத்தின் மேல் சட்டத்தை வைத்துப் பார்த்தார். "கீழ பேரு இருக்கிற பட்டைய எடுத்துட்டா கச்சிதமா உக்காந்துரும் மேடம்" என்றார். என் பதிலுக்குக் காத்திராமல் கத்தரிக்கோலை வைத்தேவிட்டார். கரக். அவ்வளவுதான். "வெட்டாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அளவுக்குத்தானே மேடம்..." என்றார் அவர், பயந்துபோய்.

அளவுக்குத்தான். உலகத்தில் எல்லாரும் அளவுக்குத்தான் வெட்டுகிறார்கள். நானும் அளவுக்குத்தான் வெட்டினேன், கல்கத்தாவில், இருபத்திரண்டு வயதில், ஸ்கேல் வைத்து.

அங்கே படம் வரைந்துகொண்டிருந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் மறந்துவிடவில்லை. எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டி, "இது நீங்கதானா, போட்டுக்கலாமா?" என்று கேட்க அவள் இப்போது இல்லை. கேட்காமல் போட்டால் அவள் என்னை எந்த உலகத்திலிருந்தும் வந்து அடிப்பாள்.

கார்டன் ரீச்சில் ரயில்வே குடியிருப்பில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஓர் அறைதான். இன்னொரு குடும்பத்தின் வீட்டில் ஒதுக்கிக் கொடுத்த அறை. தனிக் குவார்ட்டர்ஸ் கேட்டு மனுப் போட்டிருந்தோம். சமையலறை பொது, குழாய் பொது, சண்டையும் பொது. மாடியில் அந்த அக்கா இருந்தாள். திருநெல்வேலிக்காரி, நாற்பது வயது, நல்ல உயரம். பிள்ளைகள் இரண்டும் ஊரில் படித்தார்கள். அவள் கணவர் ரயில்வேயில் வரைபடம் போடுகிறவர். சத்தமே இல்லாத மனிதர். அலுவலகத்தில் கழித்துப்போட்ட வரைபடத் தாள்களை அவர் சுருட்டிக்கொண்டு வருவார். அந்தத் தாள்களின் முதுகில்தான் அவள் படம் போட்டாள். "முன்பக்கம் இவளோட ஆளு, பின்பக்கம் என்னோட கக்கூஸு" என்பார் அவர். உண்மைதான். ஏதேதோ சிற்றூர் ஸ்டேஷன்களுக்கான கழிப்பறைகள், தண்ணீர்த் தொட்டிகள், சாக்கடைகள். அவற்றின் மறுபக்கம் கல்கத்தா.

ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டுத் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொள்வாள். ஒரு பலகை, தாள்கள், இந்தியன் இங்க் புட்டி, தொட்டு வரையும் பேனா, உட்கார ஒரு காலி பிஸ்கட் டின். கிதிர்ப்பூரில் டிராம் ஏறினால் எங்கே இறங்குவாள் என்று அவளுக்கே தெரியாது. நானும் கூடப் போவேன். எனக்கு வரைய வராது, கற்றுக்கொள்ளவும் ஆசையில்லை. அந்த ஒற்றை அறையிலிருந்து தப்பிக்க வேண்டும், அவ்வளவே. இரண்டு பொம்பளைகள் வாரம் தவறாமல் ஊர் சுற்றுகிறார்கள் என்று காலனியே பேசியது. எத்தனையோ ஆண்கள் ஞாயிறு முழுக்கச் சீட்டாடினார்கள், அதைப் பற்றி ஒரு வாய் திறக்கவில்லை.

நடைபாதையில், படித்துறையில், மீன் சந்தையின் ஈரத்தில் டின்னைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். உடனே வரையமாட்டாள். முதலில் கேட்பாள். அவளுடைய பெங்காலியில் நெல்லைச் சீமையின் உப்பு இருந்தது. அந்த உப்போடு, அண்ணன் முறை வைத்து, "தாதா, உங்க மொகத்த எழுதட்டுமா?" என்பாள். ஆள் தலையாட்டினால்தான் பேனா புட்டிக்குள் இறங்கும். நிழல் வேண்டியிருந்தால் மண் கோப்பையில் மிச்சமிருக்கும் டீயில் விரலைத் தொட்டுத் தேய்ப்பாள். அந்தப் படங்களில் வெயில் கறுப்பாகவும் நிழல் டீயாகவும் இருந்தன.

முடித்ததும் தாளைத் திருப்பிக் காட்டுவாள். "எட்டா ஆமி?" என்பார்கள் அவர்கள், இது நானா என்று. அதற்குத்தான் அவள் காத்திருப்பாள். ஆமாம் என்று அவர்களுக்கே தோன்றினால் படத்தின் கீழே ஓர் அங்குலம் விட்டிருப்பாளே, அதில் அவர்கள் கையால் பெயர் எழுத வேண்டும். பெங்காலியோ இந்தியோ உருதுவோ. எழுதத் தெரியாதவர்கள் மையில் கட்டைவிரலைத் தோய்த்து வைக்க வேண்டும். இல்லை, இது நானில்லை என்றாலோ, வேண்டாம் என்றாலோ, படத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாள். மூன்று மணி நேர வேலையாக இருந்தாலும் சரி. ஒரு கைரிக்‌ஷாக்காரர் அப்படி வாங்கிய படத்தை எட்டாக மடித்து இடுப்பு வேட்டியில் சொருகிக்கொண்டு போனபோது எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"எவ்வளவு நல்லா வந்திருந்துச்சுக்கா!"

"மூஞ்சி அவனோடதுட்டீ. மை மட்டுந்தான் நம்மளோடது. கேக்காம எடுத்தா களவு."

பூரி போகிற ரயிலில் ஒருமுறை எங்கள் எதிரே ஒரு கிழவர் தூங்கிக்கொண்டு வந்தார். வாய் திறந்து, ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, சாமி சிலை போல. வரையுங்கள் அக்கா என்று நான் நச்சரித்தேன். "தூங்குதவன்கிட்ட எப்பிடிட்டீ கேக்கது?" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறக்கவே இல்லை. கட்டாக்கில் அவர் விழித்தார். அவள் கேட்டாள். அவர் சட்டையைச் சரிசெய்து, தலைவாரி, விறைத்து உட்கார்ந்தார். சிலை போய்விட்டது. அவள் அந்த விறைப்பையே சிரத்தையாக வரைந்து கையெழுத்து வாங்கினாள். "அவரு இப்படித்தான் இருக்கணும்னு நெனைக்காரு. நான் யாரு மாத்த?"

சுவரெல்லாம் நக்சல்பாரிகளின் சிவப்பு எழுத்தும் தெருவெல்லாம் போலீஸ் வண்டியுமாக இருந்த வருடங்கள். ஹவுரா படித்துறையில் படகுக்காரர் ஒருவரை வரைந்துகொண்டிருந்தபோது ஒரு கான்ஸ்டபிள் தாளைப் பிடுங்கினான். திருப்பிப் பார்த்தான். மறுபக்கம் அளவுகள், கோடுகள், அம்புக்குறிகள். தலைக்கு மேலே ஹவுரா பாலம். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். இன்ஸ்பெக்டர் தாளை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது பாலத்தின் எந்தப் பகுதி என்று அதட்டினார்.

"கக்கூஸுங்க" என்றாள் அவள்.

அவளுடைய அரைகுறைப் பெங்காலி போலீஸிடம் செல்லாது என்று நான்தான் விளக்கினேன். ஆறு பேர் உட்காரும் கழிப்பறை, ஆண்கள் மூன்று, பெண்கள் மூன்று. இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. சிரித்துவிட்டார். அதோடு கும்பிடு போட்டு ஓடிவர வேண்டியதுதானே? இவள் தாளைக் கான்ஸ்டபிளிடம் நீட்டினாள். அவன் கைப்பட்டு மை கலைந்து, கீழ் ஓரத்தில் அவன் விரல் அடையாளம் விழுந்திருந்தது. "படத்துல இல்லாதவன் விரலு படத்துக்குக் கீழ இருக்கக் கூடாது. அழிச்சுக் குடுக்கச் சொல்லு" என்றாள் என்னிடம். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. இன்றுவரை அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

ரயில் பாதையோரம் எரிந்த கரி பொறுக்குகிற ஒரு பெண் இருந்தாள். கப்பல் டாக் பக்கம் இன்ஜின்கள் கொட்டிவிட்டுப் போகும் சாம்பலைக் கிளறி, பாதி எரிந்த கரித்துண்டுகளைக் கூடையில் சேர்த்து விற்பவள். முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் கரி. வரையச் சம்மதித்தாள். படத்தைப் பார்த்து அது தான்தான் என்றும் சிரித்தபடி ஒப்புக்கொண்டாள். கட்டைவிரல் என்றதும் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஊரில் அவள் மாமனார் ஒரு தாளில் விரலை வைத்தாராம். அடுத்த அறுவடைக்கு நிலம் அவர்களுடையதாக இல்லை.

அக்கா வற்புறுத்தவில்லை. படத்தை அவளிடமே நீட்டினாள். அவள் அதையும் வாங்கவில்லை. "அடுத்த வாரம் வா, தீதி" என்றாள், அவளும் அக்கா முறை வைத்து. அடுத்த வாரமும் அதையே சொன்னாள். நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவளே மைப்புட்டியைக் கேட்டு வாங்கி, விரலை மெல்லத் தோய்த்து, தாளின் கீழ் ஓரத்தில் அழுத்தினாள். எடுத்த பிறகும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தாள் தன்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதை முதல்முறையாகப் பார்க்கிறவள் போல.

நான் அங்கே இருந்தேன். அவள் விரலைப் பார்த்தேன். இதை மறக்காமல் எழுத வேண்டும். நான் அங்கேதான் இருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் காலனிப் பெண்கள் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. பெரிய அதிகாரி ஒருவர் மனைவியோடு வருகிறார், கைவேலை, கோலம், ஊறுகாய் இவற்றோடு படங்களும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று செக்ரட்டரி அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அக்கா ஒரே நிபந்தனை போட்டாள். படத்தில் இருப்பவர்களும் வந்து பார்க்க வேண்டும். "ஓ, ஷ்யூர்!" என்றாள் செக்ரட்டரி. மூன்று ஞாயிறுகள் அலைந்து அக்கா ஒவ்வொருவரையும் நேரில் அழைத்தாள். உங்க படம், உங்க பேரோட, சுவத்துல மாட்டியிருக்கும், வாங்க.

கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம் செக்ரட்டரி அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். ஆபீசர்ஸ் கிளப்பில் பழைய படங்களைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு. அக்காவின் தாள்கள் அவற்றைவிட ஓர் அங்குலம் நீளம்.

"பாட்டம்ல பாரேன், ஒரே இங்க், ஒரே கைரேகை, அழுக்கு. ட்ரிம் பண்ணிடு. உனக்குத்தான் கை நீட்டா வரும்" என்றாள். பிறகு, கதவுப் பக்கம் போனவள் திரும்பி, "உங்க குவார்ட்டர்ஸ் ஃபைல் எங்க வீட்டுக்காரர் டேபிள்லதான் இருக்காம். சொல்லியிருக்கேன்" என்றாள்.

அவள் மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. என்னை அந்தக் காலனியில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மிஸஸ் போட்டு வீட்டுக்காரர் பெயர். அந்த மிஸஸ்தான் வெட்டினாள் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அயோக்கியத்தனம். கத்தரிக்கோலைப் பிடித்தது இந்தக் கைதான். மீன்காரியின் பெயர், படகுக்காரரின் பெயர், டிராம் கண்டக்டரின் சுழித்த கையெழுத்து. கரக், கரக். கரி பொறுக்குகிறவளின் கட்டைவிரல் வந்தபோது ஒரு கணம் நின்றேன். நின்று, ஸ்கேலைச் சரியாக வைத்து, அதையும் வெட்டினேன். துண்டுகளை எறிய மட்டும் மனம் வரவில்லை. ஹார்லிக்ஸ் புட்டிக்குள் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் படங்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒரு மீன்காரி. ஒரு படகோட்டி. ஒரு கரி பொறுக்குபவள். ஒரு, ஒரு, ஒரு! மிருகக்காட்சி சாலைக் கூண்டில்கூடக் கரடிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

வாசலில் காவலாளி அவர்களை நிறுத்திவிட்டான். அக்கா போய்ச் சண்டை போட்டு ஆறு பேரை உள்ளே அழைத்து வந்தாள். கரி பொறுக்குகிறவள் முகத்தைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைப் புடவை கட்டி வந்திருந்தாள். எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் தன் படத்தின் முன் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கீழே பார்த்தாள். சட்டத்தின் விளிம்பை விரலால் தடவினாள். பிறகு திரும்பி, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"ஆமார் டிப்சாப் கோதாய், தீதி?"

என் கைநாட்டு எங்கே?

அக்கா அதுவரை சுவரைப் பார்த்திருக்கவில்லை. வாசல் சண்டையிலேயே இருந்திருக்கிறாள். இப்போது ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனாள். செக்ரட்டரி அம்மா ஓடிவந்து, இவர்களுக்கு வராந்தாவில் ரசகுல்லா கொடுக்கலாமே என்றாள்.

"எவ வெட்டுனா?" என்றாள் அக்கா.

"நம்ம மிஸஸ்தான். ரொம்ப நீட்டா பண்ணியிருக்கால்ல?" என்று என் தோளில் தட்டினாள் செக்ரட்டரி அம்மா. பாராட்டுகிறாளாம்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு படத்தின் விளிம்பைப் பார்த்தாள். "நேராத்தான் வெட்டியிருக்கா" என்றாள்.

பெரிய அதிகாரியின் மனைவி டீக்கோப்பையோடு நிற்க, அக்கா ஒவ்வொரு சட்டமாகக் கழற்றித் தரையில் கவிழ்த்து, தலையிலிருந்த ஹேர்ப்பின்னால் பின்பக்க ஆணிகளை நெம்பி, படங்களை எடுத்துச் சுருட்டினாள். "திஸ் இஸ் டூ மச்" என்றாள் செக்ரட்டரி. அக்கா அந்த ஆங்கிலச் சீட்டுகளை மட்டும் ஒன்றுவிடாமல் சேர்த்து ஊறுகாய் மேசையில் வைத்துவிட்டு, ஆறு பேரோடும் வெளியே போனாள்.

மூன்று நாள் கழித்து ஹார்லிக்ஸ் புட்டியோடு மாடியேறினேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் வைத்திருந்தேன், படியிலேயே தொலைந்துவிட்டது. அவள் புட்டியை வாங்கித் தரையில் கொட்டினாள். எந்தத் துண்டு எந்தப் படத்தோடு சேரும்? விரல்களெல்லாம் விரல்கள்தான். அவள் எல்லாவற்றையும் மறுபக்கம் திருப்பிப் போட்டாள். கழிப்பறைச் சுவர்கள், சாக்கடைக் கோடுகள். கோட்டோடு கோடு, அளவோடு அளவு பொருந்திற்று. அவள் கணவர் குனிந்து பார்த்து, "இந்தச் சாக்கடை அந்த மீன்காரிக்குப் போகணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மைதாப் பசை காய்ச்சி ஒட்டினோம்.

"ஒட்டினா ஆச்சாட்டீ? திரும்பக் கேக்கணும்."

போனோம். எத்தனை ஞாயிறு என்று தெரியாது. அவள் என்னோடு பேசவில்லை. நான் கூட வருவதைத் தடுக்கவும் இல்லை. ஒவ்வொருவரிடமும் வெட்டை மறைக்காமல் காட்டினாள். இஷ்டமிருந்தால் வெட்டின் மேலேயே மறுபடி எழுதித் தரச் சொன்னாள், ரெவின்யூ ஸ்டாம்பில் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்துப் போடுவார்களே, அதுபோல. மீன்காரி திட்டிக்கொண்டே எழுதினாள். டிராம் கண்டக்டர் முன்பைவிடப் பெரிய சுழியாகப் போட்டார்.

கரி பொறுக்குகிறவளிடம் வந்தபோது அக்கா படத்தை நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள். புரிந்தது.

"ஆமி கேடேச்சி" என்றேன். நான்தான் வெட்டினேன்.

அவள் கோபப்படவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, "கேனோ?" என்று கேட்டாள். ஏன்? குவார்ட்டர்ஸ் என்று எப்படிச் சொல்வது, தகரக் கூரைக்குக் கீழே வாழ்பவளிடம்? அவள் மறுபடி விரல் வைக்கமாட்டேன் என்றாள். முறைப்படி படம் அவளுக்குப் போக வேண்டும். அக்கா அதை என் கையில் கொடுத்தாள். நான்தான் கொடுத்தேன். அவள் தன் பழைய கைநாட்டு இருந்த துண்டை மட்டும் பசையோடு உரித்தெடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். முகத்தைக் கூடையில் கரியோடு போட்டுக்கொண்டு போனாள்.

குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சொல்லாமல் விட முடியுமா? தனிக் குழாய், தனிச் சமையலறை, தண்டவாளம் பார்த்த ஒரு பால்கனி. மூன்று வருடம் நான் அந்தப் பால்கனியில் துணி காயப்போட்டேன்.

அதற்குள் அக்காவின் கணவருக்கு மதராஸுக்கு மாற்றல் வந்தது. ஹவுராவில் வழியனுப்பப் போனேன். வண்டி கிளம்ப நேரமிருந்தது. நான் பிளாட்ஃபாரத்தில் அவர்களுடைய படுக்கைச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் எதிரே, அதே பிஸ்கட் டின்னில். அத்தனை வருடத்தில் என்னை அவள் ஒருமுறைகூட வரைந்ததில்லை. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உன் கண்ணு ஓரிடத்துல நிக்கட்டும், பாப்போம் என்பாள். அன்று அவள் பையிலிருந்து பலகையை எடுத்தாள்.

"எழுதட்டுமாட்டீ?"

தலையாட்டினேன். போர்ட்டர்களின் கத்தல், டீக்காரர்கள், நீராவி. அவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் திருப்பாமல் இருக்க நான் பட்ட பாடு!

மணி அடித்த பிறகுதான் முடித்தாள். அவள் கணவர் கையைப் பிடித்து ஏற்றினார். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பி வழியாகத் தாளை நீட்டினாள். முகம் பாதிதான். கைகள்தான் படம் முழுக்க. ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிற இரண்டு கைகள். மடியில், நிழலில், டீயின் நிறத்தில். அது இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கீழே வெறுமையாக ஓர் அங்குலம்; வருடத்துக்கு ஒருமுறையாவது பேனாவைத் திறந்து மூடிவிடுகிறேன்.

தாளைப் பிடித்தபடி வண்டியோடு நடந்தேன், பிறகு ஓடினேன். அவள் கம்பியில் முகத்தைப் பதித்துச் சத்தம் போட்டாள்.

"கீழ ஒரு இஞ்சு விட்டிருக்கேன்ட்டீ! நீதான்னு தோணுச்சுன்னா உம் பேர எழுது, மிஸஸ் போட்டு உம் மாப்பிள்ள பேர எழுதாத! தோணலைன்னா வெட்டிரு. உனக்குத்தான் நேரா வெட்ட வருமே!"